ஆமை முட்டை: விட்டுவைப்பதா, எடுத்துச் செல்வதா?

பங்குனி ஆமை என்னும் கடலாமை கரையேறி, மணலில் குழி தோண்டிச் சுமார் நூறு முட்டை இட்டுவிட்டுப் போய்விடும். குழியை அப்படியே விட்டால் மணலின் ஈரமும் சூடும் தாய் தேர்ந்தபடியே இருக்கும். ஆனால் பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் நாய்கள் தோண்டிவிடும். தப்பிப் பொரித்த குஞ்சுகளும் கடலை விட்டுத் தெருவிளக்கை நோக்கி ஊரும்.

முட்டைகளை எடுத்துவந்து பாதுகாப்பான மணலில் புதைத்துப் பொரிக்கவிடும் இடம் பொரிப்பகம். அங்கே இந்தத் தொல்லை இல்லை, வேலைதான் நுணுக்கம். இட்ட சில மணி நேரத்துக்குள், உருட்டாமல் எடுக்க வேண்டும். கரு ஓட்டில் ஒட்டியபின் புரட்டினால் செத்துவிடும். அப்புறம் சூடு: மணல் அதிகம் சூடேறினால் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே வரும், நிழல் கட்ட வேண்டியிருக்கும்.

ஒடிசாவின் ருஷிகுல்யா போல ஆயிரக்கணக்கில் கரையேறும் இடத்தில் விட்டுவைப்பதே சரி. சென்னையில் என் ஓட்டு பொரிப்பகத்துக்குத்தான். மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இங்கே இரவில் நடந்து முட்டை சேகரிப்பதும் அதற்காகத்தான்.