பாலிகார்பனேட் என்று சொல்லி அக்ரிலிக்கைத் தள்ளிவிடுகிறார்கள்: ஸ்னோமொபைல் விண்ட்ஷீல்டை வெட்டும் முன் கவனியுங்கள்

கனடாவின் ஒன்டாரியோவில் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஓட்டுகிறவர்கள், குறிப்பாக உயரமான விண்ட்ஷீல்டை வாங்கி வீட்டிலேயே வெட்டிக் குறைக்கலாம் என்று நினைப்பவர்கள், ரம்பத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆன்லைனில் உதிரிபாகம் விற்கும் ஒரு கடை என்னை ஏமாற்றிவிட்டது. பணம் போனதை விட எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்துக்கு. மோதினால் முகத்துக்கு நேரே கூர்கூராகச் சிதறக்கூடிய அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கை, உடையவே உடையாத பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

என் வண்டி பழைய மாடல். அதற்குக் குட்டையான விண்ட்ஷீல்ட் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. உயரமானதை அப்படியே போட்டால் அதன் மேல் விளிம்பு சரியாகக் கண்மட்டத்துக்கு வருகிறது, பனித்தூள் படிந்துவிட்டால் பாதை தெரியாது, மேடுபள்ளத்தில் எழுந்து நின்று ஓட்டும்போது நெஞ்சிலும் இடிக்கும். விண்ட்ஷீல்டுக்கு மேலாகப் பார்த்து ஓட்டும் உயரம்தான் நல்லது. அதனால் வாங்கி வெட்டுவது என்று முடிவு செய்தேன். விளம்பரத்திலேயே "லெக்சான், வீட்டில் எளிதாக வெட்டிக்கொள்ளலாம்" என்று போட்டிருந்தார்கள். லெக்சான் என்பது 1953இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸ் கண்டுபிடித்த பாலிகார்பனேட்டின் வணிகப் பெயர். அதற்கு இருக்கும் நல்ல பெயரை நம்பித்தான் ஆர்டர் போட்டேன்.

வெட்டியது முறையாகத்தான். சூடான அறையில், இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கோடு போட்டு, பலகையோடு சேர்த்து கிளாம்ப் அடித்து, ஜிக்சா என்ற மின்ரம்பத்தில் பொடிப்பல் பிளேடு மாட்டி, மெதுவான வேகத்தில். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய இடமே பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே வெட்டிவிட்டு மீதியை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து எடுப்பதுதான் திட்டம். பாதி தூரம் போனதும் "படக்" என்று ஒரு சத்தம், வெட்டிலிருந்து கிளம்பிய விரிசல் நேராகப் போல்ட் ஓட்டை வரைக்கும் ஓடிவிட்டது.

நல்ல பாலிகார்பனேட் இப்படிச் செய்யாது. சந்தேகம் வந்து, வெட்டி விழுந்த துண்டைக் குறடால் பிடித்து வளைத்தேன், பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. அந்த கனத்தில் பாலிகார்பனேட்டாக இருந்தால் வளையும், மடிந்த இடம் வெளுக்கும், இப்படித் துண்டாக ஒடியாது. இது அக்ரிலிக். அக்ரிலிக்கையும் வெட்டலாம், ஆனால் அதற்கு வேறு பொறுமை, வேறு பிளேடு வேண்டும், அதைவிட முக்கியமாக, கடுங்குளிரில் அடி வாங்கும் இடத்தில் அதைத் தெரிந்தே நான் மாட்டியிருக்க மாட்டேன்.

கடைக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதில், "வெட்டிய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது". வெட்டலாம் என்று விளம்பரம் போட்டதே அவர்கள்தானே! அடுத்து, அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரால் துடைத்தீர்களா, போல்ட்டுக்குத் திரெட்லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போட்டீர்களா என்று குறுக்குக் கேள்வி. இரண்டும் பாலிகார்பனேட்டில் விரிசல் உண்டாக்கக்கூடியவைதான், உங்களிடம் அசல் பாலிகார்பனேட் இருந்தால் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். ஆனால் என்னுடையது வண்டியில் ஏறவே இல்லை, போல்ட்டே போடவில்லை. அதைச் சொன்ன பிறகு பதில் வருவது நின்றுவிட்டது.

அப்புறம்தான் கிரெடிட் கார்டு வங்கியிடம் புகார் கொடுத்தேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஒடிந்த துண்டின் வீடியோ, அவர்களுடைய பதில்கள் எல்லாவற்றையும் அனுப்பினேன், பணம் திரும்பி வந்தது. ஒன்டாரியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய்யான விவரம் சொல்லி விற்றால் ஒரு வருடத்துக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. கடையிடம் பேசும்போது இதை எழுத்திலேயே குறிப்பிடுங்கள். தனி ஆளிடம் பழைய சாமானாக வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது, அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

வாங்கும் முன்பே "இது பாலிகார்பனேட்டா, அக்ரிலிக்கா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். "உயர்தர பிளாஸ்டிக்" என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள். வந்ததும், எப்படியும் வெட்டி எறியப்போகும் பகுதியின் மூலையைக் குறடால் கிள்ளி வளைத்துப் பாருங்கள், அதை வீடியோவும் எடுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. ஒடிந்தால் ஜிக்சாவை எடுக்காமல் நேராகக் கடைக்கு எழுதுங்கள். அந்த விளம்பரம், அதே "லெக்சான்" என்ற பெயரோடு, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.