வவுனியாவில் வாங்கிய பாலைவன ரோசா: கன்று நல்லது, மண்தான் சரியில்லை

தை மாதம் வவுனியாவில் ஏ9 வீதியோரப் பூக்கன்றுக் கடையொன்றில் பாலைவன ரோசா எனப்படும் அடினியம் இரண்டும் ஒரு உருண்டைக் கக்டசும் வாங்கினேன். அடினியம் ஒன்று 1,200 ரூபாய். கடையின் பெயர் வேண்டாம், பொடியன் மரியாதையாகத்தான் கதைத்தான். "வன்னி வெயிலுக்கு அசையாது அக்கா, ஒவ்வொரு நாளும் தண்ணி மட்டும் விடுங்கோ" என்றான். முதல் பாதி உண்மை.

மாங்குளத்தில் எங்கள் முற்றத்தில் பங்குனி முழுக்கப் பூத்தது. சித்திரையில் நான்கு நாள் தொடர்ந்து பின்னேர இடிமழை. ஐந்தாம் நாள் ஒன்றின் இலையெல்லாம் கொட்டிவிட்டது. அடித்தண்டை அமுக்கினால் கனிந்த வாழைப்பழம் போல விரல் உள்ளே போகிறது. சாடியைக் கவிழ்த்தேன், முழுக்கத் தும்புத்தூள். பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. ஆபிரிக்காவிலும் அரேபியாவிலும் வறண்ட நிலத்தில், குண்டு அடியில் தண்ணீரைச் சேர்த்துவைத்துப் பிழைக்கிற செடிக்கு இது சரிவருமா?

மற்றதற்கு வேர் மட்டும்தான் அழுகியிருந்தது. வெட்டி, ஒரு கிழமை நிழலில் காயவிட்டு, ஆற்றுமணலும் செங்கல் துண்டும் கரியும் கலந்து நட்டேன். (அதன் பால் நஞ்சு, வெறுங்கையால் வெட்டாதீர்கள்.) வைகாசியில் சோளகக் காற்றுப் பிடித்ததும் மொட்டு வைத்தது. இப்போது காலை ஆறரைக்கே ஒரு சோடி தேன்சிட்டு வந்துவிடும். ஆண்சிட்டு பூவின் வாய்ப் பக்கமே போவதில்லை, குழலின் அடியில் பக்கவாட்டாகக் குத்தி உறிஞ்சுகிறது. உதிர்ந்த பூவை எடுத்துப் பார்த்தால் ஊசி போட்ட மாதிரித் துளை.

கக்டஸ் தாழ்வாரத்தில் சாரல் மட்டும் பட்டு நின்றதால் தப்பியது. ஒட்டிக்கிடந்த மடிப்பெல்லாம் மழைக்குப் பிறகு ஆர்மோனியத் துருத்தி போல விரிந்து உப்பிவிட்டது. அமெரிக்கப் பாலைவனத்துச் சகுவாரோ என்ற பெரிய கக்டசும் கோடை மழை குடித்தால் இப்படித்தான் விரியும். மாமிக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "காசு குடுத்தே கள்ளி வாங்கினனி?" என்றார். அவர் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளிக்கு ஒருவரும் தண்ணீர் ஊற்றியதில்லை, புலுனிக் குருவிக் கூட்டம் முழுக்க அதற்குள்தான்.

5க்கு 3 கொடுப்பேன். கன்று வாங்கலாம், வீட்டுக்கு வந்ததும் மண்ணை மாற்றுங்கள். ஆனியில் திரும்பப் போனபோது பொடியனிடம் சொன்னேன். சிரித்தான். "மணல் போட்டா பாரம் அக்கா, ஆர் பஸ்ஸில தூக்கிக்கொண்டு போறது?"

நானும் பஸ்ஸில்தான் கொண்டுவந்தேன்.