க்ளாக் 19, க்ளாக் 43எக்ஸ், சிக் பி365எக்ஸ்எல்: விளக்கும் உறையும் ரெட் டாட்டும் எதற்கு ஒழுங்காக அமையும்?

அமெரிக்காவில் இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்ல ஒரு சிறிய 9 மி.மீ. கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். எத்தனை தோட்டா பிடிக்கும், கையில் எப்படி உட்காரும். நியாயமான கேள்விகள்தான். ஆனால் உறை, விளக்கு, ரெட் டாட் (குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சிறு கண்ணாடிக் கருவி), உபரி மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போதுதான் இழுபறி தொடங்குகிறது. விளக்கு மாட்டியதும் முன்பு வாங்கிய உறை உதவாமல் போகும். ரெட் டாட் வாங்கியதும் அது ஸ்லைடில், அதாவது சுடும்போது முன்பின் நகரும் மேல்பாகத்தில், உட்காரத் தனியாக ஒரு தகடு வேண்டும் என்று தெரியவரும். நாலைந்து வருடம் துப்பாக்கி வைத்திருக்கும் எந்த அமெரிக்கர் வீட்டிலும் பயன்படாத ஹோல்ஸ்டர்கள் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கும். அங்கே அது ஒரு நிரந்தர நகைச்சுவை.

அதனால் இங்கே துப்பாக்கிகளின் சுடும் திறனை ஒப்பிடப் போவதில்லை. மூன்றும் நம்பகமானவை. துணைப் பொருள்கள் எதில் சிக்கலில்லாமல் சேரும் என்பது மட்டுமே கேள்வி.

க்ளாக் 19 பழைய குதிரை. 1988-ல் வந்தது. 15 தோட்டா, அகலம் 34 மி.மீ. நான் எடுத்துக்கொள்வது அதன் ஐந்தாம் தலைமுறை எம்ஓஎஸ், அதாவது ரெட் டாட் மாட்ட ஸ்லைடில் வெட்டு உள்ள வகை. க்ளாக் 43எக்ஸ் 2019-ல் வந்த ஒல்லி ரகம். 10 தோட்டா, 28 மி.மீ. சிக் சாவர் 2018-ல் கொண்டுவந்த பி365, உள்ளங்கையில் அடங்கும் உடம்பில் 10 தோட்டா வைத்துச் சந்தையையே புரட்டிப்போட்டது. அதுவரை அந்த அளவில் ஆறு, ஏழு தோட்டாதான் வழக்கம். அதன் நீண்ட வடிவமான எக்ஸ்எல் 2019-ல் வந்தது. 12 தோட்டா, அகலம் அதே 28 மி.மீ. ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் அற்பம். ஒரு நாள் முழுக்க இடுப்பெலும்பின் மேல் அழுந்தும்போது அற்பமில்லை.

போகிற போக்கில் நம்மவர்களுக்கு ஒன்று: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. வேட்டை உரிமம் மாதிரியான சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் அதற்கு மேல் தனிக் கதை.

முதலில் ரெயிலைப் பாருங்கள்

பேரலுக்கு அடியில் விளக்கு மாட்டுவதற்கான பள்ளத்தைத்தான் ரெயில் என்கிறார்கள். மூன்று துப்பாக்கியும் உண்மையில் பிரிவது இங்கேதான்.

க்ளாக் 19-இல் முழு ரெயில் உண்டு. பெரிய விளக்கு, சிறிய விளக்கு எதுவும் ஏறும். ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-7ஏ அதற்காகவே செய்ததுபோல் இருக்கும். 500 லூமென், ஒரே ஒரு சிஆர்123ஏ பேட்டரி, துப்பாக்கியின் முனையைத் தாண்டி வெளியே நீளாது. இன்னும் வெளிச்சம் வேண்டுமென்றால் ஷ்யூர்ஃபயர் எக்ஸ்300, 1000 லூமென். அது இரண்டு பேட்டரி எடுக்கும், கனம் கூடும், முனைக்கு வெளியே மூக்கை நீட்டும்.

43எக்ஸ் முதலில் வந்தபோது அதில் ரெயிலே கிடையாது. பிறகு வந்த எம்ஓஎஸ் வகையில் க்ளாக் ஒரு குட்டி ரெயிலைச் சேர்த்தது. அது வழக்கமான அளவு இல்லை. பி365-லும் எக்ஸ்எல்-லிலும் சிக் தன் சொந்த வடிவில் ஒரு பள்ளத்தை வெட்டிவைத்திருக்கிறது. மற்றவர்கள் ரெயிலோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதே பி365 குடும்பத்தில் 2022-ல் வந்த எக்ஸ்மேக்ரோவில்தான் அந்தப் பிடிவாதத்தை விட்டு ராணுவத் தரமான 1913 ரெயிலுக்கு வந்தது.

இதன் விளைவு என்ன? டிஎல்ஆர்-7 சப் என்ற சிறிய விளக்கை ஸ்ட்ரீம்லைட் 43எக்ஸுக்கு ஒன்று, பி365-க்கு ஒன்று, 1913 ரெயிலுக்கு ஒன்று என்று தனித்தனியாக விற்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், கவ்வும் பகுதி மட்டும் வேறு. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஏறாது. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய விளக்கு பல நேரம் இப்படித் தவறாக வாங்கப்பட்டதுதான். ஷ்யூர்ஃபயரின் எக்ஸ்எஸ்சி இன்னும் சிறியது, 350 லூமென், கழற்றி சார்ஜ் செய்யும் பேட்டரி. அதிலும் துப்பாக்கிக்கு ஏற்ற மாடலைத்தான் பார்த்து வாங்க வேண்டும்.

விளக்கு வேண்டுமா என்பதே முதலில் யோசிக்க வேண்டியது. துப்பாக்கியில் மாட்டிய விளக்கால் எதைப் பார்த்தாலும் துப்பாக்கியின் முனையும் அதை நோக்கியே இருக்கும். இருட்டில் சத்தம் கேட்ட இடத்தைப் பார்க்க அது சரியான கருவி இல்லை. பையில் ஒரு நல்ல கை டார்ச் எல்லோருக்கும் வேண்டும். துப்பாக்கி விளக்கு அதற்கு மேல்தான்.

உறையில்தான் உயிர்

எல்லாத் துணைப் பொருளிலும் பாதுகாப்பு நேரடியாகத் தொங்குவது உறையில். விளக்கு எரியாவிட்டால் இருட்டு, அவ்வளவுதான். உறை தவறினால் தொடையில் ஓட்டை.

இன்றைக்குச் சந்தையில் பெரும்பான்மை கைடெக்ஸ். சூடாக்கி வார்க்கும் ஒரு கெட்டியான பிளாஸ்டிக். விளக்கு இல்லாத துப்பாக்கிக்குச் செய்த கைடெக்ஸ் உறை, ட்ரிகர் கார்டை, அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்தை, கவ்விப் பிடிக்கும். உள்ளே தள்ளும்போது கேட்கிற 'க்ளிக்' அதுதான். விளக்கு மாட்டிய துப்பாக்கிக்கான உறை அப்படியில்லை. விளக்கு அகலமானது, அது நுழைய வழி விட வேண்டும், ஆகவே உறை கவ்வுவது விளக்கின் உடம்பைத்தான். இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, விளக்கைக் கழற்றிவிட்டால் அந்த உறையில் துப்பாக்கி ஆடும், நிற்காது. இரண்டு, விளக்கு பெரிதாகப் பெரிதாக ட்ரிகர் கார்டைச் சுற்றி இடைவெளி கூடும். எக்ஸ்300-க்குச் செய்த உறையை மேலிருந்து பார்த்தால் சிலவற்றில் ட்ரிகரே கண்ணுக்குத் தெரியும். டிஎல்ஆர்-7 வகையில் அந்த இடைவெளி மிகக் குறைவு. உடையோடு மறைத்துச் செல்பவருக்கு நான் 1000 லூமெனைப் பரிந்துரைக்காததற்கு கனத்தைவிட இதுதான் காரணம்.

ஆகவே விளக்கைத் தீர்மானிக்காமல் உறை வாங்கக் கூடாது. துப்பாக்கி, ரெயில், விளக்கு, அதன்பிறகு உறை. இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் வீட்டில்தான் அந்த அட்டைப்பெட்டி நிறைந்திருக்கிறது.

இதில் க்ளாக் 19-ஐ மிஞ்ச ஆளில்லை. அமெரிக்காவில் ஹோல்ஸ்டர் செய்கிற ஒவ்வொரு பட்டறையும் முதலில் அச்சு வைத்திருப்பது இதற்குத்தான். பெரிய அண்ணனான க்ளாக் 17-க்குச் செய்த, முனை திறந்த உறையிலும் இது உட்காரும். பழைய தலைமுறைக்குச் செய்த உறை ஐந்தாம் தலைமுறைக்குச் சரியாக வருமா என்பதை மட்டும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இப்போது ஸ்லைடு நெம்புகோல் இரண்டு பக்கமும் இருக்கிறது. பி365 குடும்பத்திலும் ஒரு சௌகரியம்: எக்ஸ்எல்-க்குச் செய்த உறையில் குட்டி பி365-ம் போகும். எக்ஸ்மேக்ரோவுக்கு அது பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது, ரெயிலின் வடிவம் வேறு.

தோல் உறை பற்றிக் கேட்பார்கள். அது செருப்புபோல், பழகப் பழக உடம்புக்கு இதமாகும். ஆபத்தும் அதே குணத்தில்தான் இருக்கிறது. வாய்ப்பகுதி தளர்ந்து மடிந்து, துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது தோல் மடிப்பு ட்ரிகர் கார்டுக்குள் நுழைந்து வெடித்த சம்பவங்கள் உண்டு. க்ளாக்கில் கையால் நகர்த்தும் பாதுகாப்புப் பூட்டு இல்லை என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள். தோல்தான் வேண்டுமென்றால் வாயில் உலோகப் பட்டை வைத்துத் தைத்ததாக வாங்குங்கள், தளர்ந்ததும் தூக்கிப் போடுங்கள். பின்னால் தோல், முன்னால் கைடெக்ஸ் என்று வரும் கலப்பு உறைகள் இடுப்புக்குச் சுகம், ஆனால் அகலம். 43எக்ஸ் வாங்கி மிச்சப்படுத்திய ஆறு மில்லிமீட்டரை அதிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். 'எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்' என்று தொங்கும் நைலான் உறையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தொடாதீர்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை எளிது. மேகசினைக் கழற்றி, பேரலின் பின்னுள்ள தோட்டா அறை காலி என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, உறையில் வைத்துக் கட்டில் மேல் தலைகீழாக உதறுங்கள். விழக்கூடாது. பிறகு உறையின் வெளியிலிருந்து ட்ரிகர் இருக்கும் இடத்தை அழுத்திப் பாருங்கள். அது உள்ளே நெளிந்தால் திருப்பி அனுப்புங்கள். கெட்டியான பெல்ட்டும் இந்தக் கணக்கில்தான் வரும். தொளதொள பெல்ட்டில் எந்த உறையும் நிற்காது.

ரெட் டாட்: புள்ளிக்கு முன் அடிப்பாதம்

ரெட் டாட் வாங்கும்போது எல்லோரும் கண்ணாடியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அடிப்பாகம். திருகுத் துளைகளும் முட்டுக்கட்டைகளும் எங்கே இருக்கின்றன என்ற அமைப்பில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியில் போயிருக்கிறது. பெரியவற்றில் டிரிஜிகானின் ஆர்எம்ஆர் அமைப்பும், ஒல்லித் துப்பாக்கிகளில் இங்கிலாந்தின் ஷீல்டு நிறுவனத்து ஆர்எம்எஸ்சி அமைப்பும் அதிகம் பரவியவை.

19 எம்ஓஎஸ் தகடு வைத்து மாட்டும் ரகம். 02 என்று எண்ணிட்ட தகடு ஆர்எம்ஆருக்கு, அதே அமைப்புள்ள ஹோலோசன் 507சி-யும் அதில் உட்காரும். 04 லியூபோல்டு டெல்டாபாயிண்ட்டுக்கு. எய்ம்பாயிண்ட் ஆக்ரோவுக்கும் தனித் தகடு கிடைக்கிறது. எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்பது லாபம். தகடு ஒரு அடுக்கு, அதன்மேல் ரெட் டாட் இன்னொரு அடுக்கு, இரண்டு ஜோடித் திருகு, கூடுதல் உயரம் என்பது நஷ்டம்.

43எக்ஸ் எம்ஓஎஸ் வகையில் தகடே இல்லை, ஆர்எம்எஸ்சி நேராக ஸ்லைடில் உட்கார்ந்துவிடும். தாழ்வாக, அழகாக. ஆனால் ஆர்எம்எஸ்சி-யின் பேட்டரி அடிப்பக்கம். மாற்ற வேண்டுமென்றால் கழற்ற வேண்டும், கழற்றினால் குறி சரியாக இருக்கிறதா என்று மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். ஹோலோசன் 507கே-யில் பேட்டரி பக்கவாட்டுத் தட்டில் வரும், அந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் எக்ஸ்எல்-லில் 507கே போடலாமே என்றால், அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். எக்ஸ்எல் ஸ்லைடில் நான்கு மூலையிலும் சிறு முட்டுகள் உண்டு. 507கே-யின் அடியில் பின்னிரண்டுக்குப் பள்ளம் இல்லை. ஒன்று, முட்டுகளை அரத்தால் ராவ வேண்டும், இல்லையென்றால் இடையில் ஒரு தகடு வைக்க வேண்டும். புதுத் துப்பாக்கியின் ஸ்லைடில் அரம் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தகடே மேல். இன்னொரு பொறி: முதலில் வந்த எக்ஸ்எல்-லில் பின் இரும்புக் குறி, ரெட் டாட் வெட்டை மூடும் தகட்டின் மேல்தான் இருக்கிறது. தகட்டைக் கழற்றினால் குறியும் போயிற்று. பேட்டரி செத்த அன்று வெறும் முன்குறியை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சிக்கின் சொந்த ரோமியோஜீரோவில் பின்பக்கம் ஒரு வெட்டு வைத்து இதைச் சமாளித்தார்கள், ஆனால் அதன் பாலிமர் லென்ஸ் கீறல் விழும் ரகம்.

வயிற்றோடு ஒட்டிச் சுமப்பவர்களுக்கு மூடிய வகை ரெட் டாட் நல்லது. திறந்த வகையில் சட்டை நூலும் வியர்வையும் ஒளி வரும் குழியில் சேரும். ஹோலோசன் ஈபிஎஸ் கேரி அந்தச் சிறிய மூடிய ரகம். அதன் அடிப்பாகமும் 507கே வகைதான், மேலே சொன்ன எக்ஸ்எல் தகராறு இதற்கும் பொருந்தும்.

க்ளாக் வைத்திருப்பவர்கள் திருகின் நீளத்தைப் பார்த்துப் போடுங்கள். வலப்பக்கத் திருகு கொஞ்சம் நீளமாக இருந்தால் கீழே எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி) பாகங்கள் ஓடும் துளையில் இறங்கி அழுத்தும். தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே வராமல் சிக்கும். துப்பாக்கியைத்தான் திட்டுவார்கள், குற்றவாளி திருகு.

மேகசின்

19-இல் 17-இன் மேகசின் ஏறும், கையருகே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எக்ஸ்எல்-லுக்கு சிக்கே 15 தோட்டா மேகசின் விற்கிறது. 43எக்ஸுக்கு க்ளாக் தருவது 10. அதே அளவில் 15 அடக்கும் ஷீல்டு ஆர்ம்ஸ் எஸ்15 பெயர் பெற்றது, ஆனால் அது எஃகு மேகசின். துப்பாக்கியில் மேகசினைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கொக்கியை அது தின்றுவிடும் என்பதால் உலோகக் கொக்கி மாற்ற வேண்டும். மாற்றியபின் க்ளாக்கின் பிளாஸ்டிக் மேகசினைப் போட்டால் இப்போது கொக்கி மேகசினைத் தின்னும். ஐந்து தோட்டாவுக்கு இத்தனை பாடு தேவையா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற இடங்களில் 10-க்கு மேல் அனுமதியே இல்லை என்பதால் அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ட்ரிகர் மாற்றும் கருவிகளை இந்த அலசலில் சேர்க்கவில்லை. சுமக்கும் துப்பாக்கியில் தொழிற்சாலை ட்ரிகரே இருக்கட்டும்.

யாருக்கு எது

விளக்கும் ரெட் டாட்டும் இரண்டும் கட்டாயம் வேண்டும் என்பவருக்கு க்ளாக் 19, டிஎல்ஆர்-7ஏ, 507சி. தடிமனைச் சகித்துக்கொண்டால் எந்தக் கடையிலும் எதுவும் கிடைக்கும். ஒல்லியாகவும் இருக்க வேண்டும், விளக்கும் வேண்டும் என்றால் எக்ஸ்எல்-ஐ விட எக்ஸ்மேக்ரோ. 1913 ரெயில் ஒன்றுக்காகவே அது கூடுதல் விலைக்குத் தகும்.

விளக்கு வேண்டாம், மெல்லிய சட்டைக்கடியில் மறைய வேண்டும் என்பவருக்கு 43எக்ஸ் எம்ஓஎஸ், ஆர்எம்எஸ்சி அமைப்பில் நேராக உட்காரும் ஒரு ரெட் டாட், நல்ல கைடெக்ஸ் உறை. மூன்றில் பொருள் குறைவாக வாங்கி முடிக்கக்கூடிய வழி இதுதான். எக்ஸ்எல் ஏற்கெனவே கையில் இருப்பவர் விற்க வேண்டியதில்லை. தகடு ஒன்றும், பி365-க்கென்று செய்த டிஎல்ஆர்-7 சப் ஒன்றும் வாங்கிவிட்டு, உறைக்கு ஆர்டர் கொடுக்கும்போது இரண்டின் பெயரையும் முழுசாக எழுதுங்கள்.