பாம்புக்கடி தீசிஸ்: பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டுவதா, புது நோயாளிகளைச் சேர்ப்பதா?

எம்.டி. பொது மருத்துவத்தில் சேர்ந்து வார்டு வேலையே பிடிபடாத நேரத்தில், வழிகாட்டும் பேராசிரியரான கைடு, தீசிஸ் என்ற ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்பார். தமிழ்நாட்டில் கிராமப்புறம் சூழ்ந்த அரசு மருத்துவமனை என்றால் பாம்புக்கடி நல்ல தலைப்பு. கேள்வி இது என்று வைத்துக்கொள்வோம்: கண்ணாடிவிரியன் கடித்தவர்களுக்கு விஷமுறிவு மருந்தான ஏ.எஸ்.வி. போடத் தாமதமானால் சிறுநீரகப் பாதிப்பு கூடுகிறதா?

மருத்துவமனைப் பதிவேடுகள் பிரிவான எம்.ஆர்.டி.யில் இருக்கும் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் பார்ப்பது ஒரு வழி. இனி வரும் நோயாளிகளைச் சேர்த்துப் பின்தொடர்வது இன்னொன்று. சீனியர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்வார்கள், "சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று. இந்தக் கேள்விக்கு நான் இரண்டாவதன் பக்கம்.

பழைய கேஸ் ஷீட்டில் லாபம் இல்லாமல் இல்லை. செலவு குறைவு, நோயாளி தொலைந்துபோகும் கவலை கிடையாது. பெயர், அடையாளம் நீக்கிய தரவு என்றால் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் இடம் தருகின்றன. ஆனால் அந்த விலக்கைத் தருவது ஆய்வுகளுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி. நாமாக எடுத்துக்கொள்ள முடியாது. அனுமதி வருவதற்கு முன்பே ஷீட்டுகளிலிருந்து தரவு எடுத்து முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு.

சிக்கல், ஷீட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான். நம் கேள்வியின் உயிரே கடித்த நேரத்துக்கும் முதல் ஏ.எஸ்.வி.க்கும் உள்ள இடைவெளி. கேஸ் ஷீட்டில் "காலையில் வயலில் கடித்தது" என்றுதான் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே சில குப்பி ஏ.எஸ்.வி. போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்த ரெஃபரல் சீட்டு ஷீட்டோடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எந்தப் பாம்பு என்பதற்கு உறவினர் சொன்னதே சாட்சி. சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் எல்லோருக்கும் தினமும் பார்த்திருக்க மாட்டார்கள், மோசமாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார்கள். அப்படியானால் எல்லோர் தரவையும் தொகுக்கும் மாஸ்டர் சார்ட்டில் பாதிப்பு விகிதம் எப்படி வந்தாலும் அது சாய்ந்த எண்தான். இன்னொன்று: கடுமையான அறிகுறி உள்ளவர் பதறி ஓடிவருவார், லேசாக இருப்பவர் மெதுவாக வருவார். முதல் நாள் நிலைமையைச் சரியாகக் குறிக்காவிட்டால், தாமதமாக வந்தவர்களே நன்றாக இருந்தார்கள் என்றுகூட முடிவு வந்துவிடும்!

புது நோயாளிகளைச் சேர்க்கும்போது இவற்றை நாமே கேட்டு எழுதலாம். ஆனால் தயாரிப்பு வேலை அதிகம். 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் தேவை; பிளாஸ்டிக் உதவாது. கேஷுவல்டியில் அது எப்போதும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரவு டியூட்டியில் இருக்கும் பயிற்சி மருத்துவரும் (சி.ஆர்.ஆர்.ஐ.) நிரப்பும் அளவுக்கு, தரவு எழுதும் படிவமான ப்ரோஃபார்மா ஒரே பக்கத்தில் இருப்பது நல்லது. தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் பேச்சுக்கு நெருக்கமான தமிழில் வேண்டும்; படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது, நம் குழுவில் இல்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும்.

காலமும் முக்கியம். மூன்று வருடப் படிப்பில் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸைக் கொடுக்க வேண்டும். மழையிலும் அறுவடையிலும்தான் கடி கூடும். எத்திக்ஸ் அனுமதி அந்தப் பருவம் முடிந்த பிறகு வந்தால் எண்ணிக்கை அடிபடும். டிஸ்சார்ஜுக்குப் பிறகு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னால், விவசாயக் கூலிக்கு அன்றைய சம்பளம் போய்விடும். பலர் வர மாட்டார்கள். அதனால் டிஸ்சார்ஜ் வரை மட்டும் பார்க்கும்படி கேள்வியைச் சுருக்குவதே புத்திசாலித்தனம்.

எத்தனை பேர் வேண்டும் என்ற சாம்பிள் சைஸ் கணக்கில் இரு பக்கமும் ஒரே தப்பைச் செய்கிறது. தீசிஸ்களில் வழக்கமாக வருவது 4pq/d² (p பாதிப்புச் சதவீதம், q நூறில் மீதி, d அனுமதிக்கும் பிழை). பாதிப்பு 20 சதவீதம், பிழை 5 சதவீதம் என்று வைத்தால் 256 பேர். அது ஒரு விகிதத்தை மதிப்பிடும் சூத்திரம். நம் கேள்வியோ சீக்கிரம் வந்தவரையும் தாமதமாக வந்தவரையும் ஒப்பிடுகிறது. இரு விகிதங்களை ஒப்பிடும் கணக்குதான் வேண்டும். புள்ளியியலாளரை மாஸ்டர் சார்ட் முடிந்த பிறகு தேடுவதில் பயனில்லை, ஆய்வுத் திட்டமான ப்ரோட்டோகால் எழுதும்போதே பார்க்க வேண்டும்.

பழைய ஷீட் ஜெயிக்கும் இடமும் உண்டு. கண்ணாடிவிரியன் கடிக்குப் பிறகு பிட்யூட்டரி சுரப்பி செயலிழப்பது போன்ற அரிய விளைவுக்குப் புது நோயாளிக்காகக் காத்திருந்தால் படிப்பே முடிந்துவிடும். ஆனால் உள்நோயாளி பதிவுகளை மருத்துவர் 3 வருடம் வைத்திருந்தால் போதும் என்பதே 2002 மருத்துவ கவுன்சில் விதி. பத்து வருட ஷீட்டுகள் கிடைக்கும் என்று திட்டம் போடும் முன் எம்.ஆர்.டி.யில் விசாரித்துவிடுங்கள்.

சிலர் இரண்டையும் விட்டு, மருந்தளவை மாற்றிச் சோதனை செய்யலாமா என்று கேட்பார்கள். அப்படியானால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவாக வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து பின்தேதிப் பதிவு கிடையாது. பி.ஜி. மாணவருக்கு இது வேண்டாத சுமை.

இன்னமும் குழப்பம் என்றால், உரிய அனுமதியோடு முப்பது பழைய ஷீட்டுகளை எடுத்து, கடித்த நேரம் மணிக்கணக்கில் எத்தனையில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதிகூட இல்லை என்றால் ப்ரோஃபார்மா அடிக்கத் தொடங்கிவிடலாம்.