ஆர்வம் இருந்தும் வாய் திறக்காதவர்களுக்கான பேச்சுப் பயிற்சி: ஒரு மதிப்புரை

இலக்கணம் தெரிந்திருந்தும் வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் மாணவர்களுக்கென்றே அறிவிக்கப்பட்ட இணையவழி ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி ஒன்றில் 12 வாரங்கள் படித்து முடித்தேன். நானும் அவ்வகை மாணவன்தான்.

முதல் நான்கு வாரங்கள் ஏமாற்றமே. தயங்குபவருக்கு ஊக்கம் போதவில்லை என்ற கணிப்பில், பேசினால் புள்ளி, தொடர்ந்து பேசினால் பதக்கம், வார இறுதியில் தரவரிசை என்று அடுக்கியிருந்தார்கள். ஏற்கெனவே சரளமாகப் பேசுபவர்களே புள்ளிகளை அள்ளிக்கொள்ள, பட்டியலின் அடியில் தம் பெயரைக் கண்டவர்கள் மறுநாள் கேமராவையும் அணைத்துவிட்டார்கள். எங்களுக்குப் பேசும் ஆசை குறைவாக இருக்கவில்லை. நன்றாகப் பேச வேண்டும் என்ற ஆசை மிகுந்தவருக்கே பிழை நேர்ந்துவிடுமோ என்ற அச்சமும் மிகுதி. உளவியலாளர் பீட்டர் மெக்கின்டயரும் உடன் ஆய்வாளர்களும், இரண்டாம் மொழியில் ஒருவர் பேச முன்வருவதை விளக்க 1998இல் முன்வைத்த ஆறடுக்கு மாதிரியில், பேச முன்வரும் விருப்பத்துக்கும் ஊக்கத்துக்கும் இடையே இன்னோர் அடுக்கு உண்டு: இந்த ஆளிடம் இப்போது பேச வேண்டும் என்ற விழைவும், அந்தக் கணத்துத் தன்னம்பிக்கையும். இப்பயிற்சி அந்த நடு அடுக்கைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தது.

ஐந்தாம் வாரம் வேறோர் ஆசிரியர் பொறுப்பேற்றார். கேள்வி கேட்டுவிட்டு அவர் மௌனமாகக் காத்திருந்தார். முதலில் அது சங்கடமாகவே இருந்தது. ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்பதையும், 3 விநாடி பொறுத்தால் விடைகள் நீள்வதோடு வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே வகுப்பறைகளில் கண்டறிந்திருக்கிறார். பதிலை முதலில் குறித்துக்கொண்டு, ஒரே ஒரு துணையிடம் சொல்லிப் பார்த்து, பிறகே குழுவில் பேசும் முறையையும் எங்கள் புதிய ஆசிரியர் கடைப்பிடித்தார். திருத்தங்கள் பேசி முடித்த பின்பே வந்தன. ஏழாம் வாரம், யாரும் அழைக்காமலே நான் ஒரு கருத்தை மறுத்துப் பேசினேன்.

உச்சரிப்பைச் சோதிக்கும் செயலி மட்டும் கடைசிவரை தொல்லை கொடுத்தது. வாக்கியம் முடியும் முன்பே சிவப்புக் குறி காட்டும் கருவியைத் தயங்குபவர் கையில் கொடுத்தது யாருடைய யோசனையோ!

ஆசிரியருக்காக இப்பயிற்சியில் சேரலாம், புள்ளிகளுக்காக வேண்டாம். தரவரிசையில் பெயரை மறைக்கும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. எனக்கு அது ஒன்பதாம் வாரத்தில்தான் தெரியவந்தது. சேர்பவர்கள் முதல் நாளே மறைத்துக்கொள்ளலாம்.