மீனா, மீன்கருவா, டாஃப்னியாவா?

தரை துடைக்கும் திரவங்களில் சேரும் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற கிருமிநாசினிகள் நீர்வாழ் உயிர்களை எந்த அளவில் பாதிக்கும் என்று சோதித்துத் தரும் வேலை எங்கள் சிறிய ஆய்வகத்துக்கு வரத் தொடங்கியது. எந்த உயிரை வளர்ப்பது என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. எங்களிடம் இருந்த இடமும் ஆட்களும் ஒன்றைப் பராமரிக்கத்தான் போதும். டாஃப்னியாவை, அதாவது நன்னீரில் வாழும் மிகச் சிறிய நீர்த்தெள்ளைத் தேர்ந்தெடுத்தோம். மதுரையின் நான்கு கோடைகளைக் கடந்துவிட்டோம். இன்று மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மீனையே வைத்துச் செய்யும் சோதனையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 203ஆம் சோதனை வழிகாட்டுதலின்படி ஐந்து செறிவுகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஏழு மீன்கள், பொருள் கலக்காத கட்டுப்பாட்டுத் தொட்டியில் ஏழு. ஒரு பொருளுக்கு 42 மீன்கள், 96 மணி நேரம். வலியை உணரும் முதுகெலும்பி அது. வேறு வழி இருக்கும்போது அதைக் கொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் ஆலைக் கழிவுநீர் என்றால் தப்ப முடியாது. வேறு நீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்று நம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளே கேட்கின்றன.

உண்மையான போட்டி ஜீப்ரா மீன் என்ற சிறு வரிமீனின் கருவுக்கும் டாஃப்னியாவுக்கும்தான். 2013இல் வந்த ஓஇசிடி 236 கருச் சோதனை மிக அழகானது. 24 குழித் தட்டில் குழிக்கு ஒரு முட்டை வைத்து, முட்டை உறைந்து வெளுக்கிறதா, உடற்கண்டங்கள் உருவாகவில்லையா, வால் கருவுணவுப் பையிலிருந்து பிரியவில்லையா, இதயம் துடிக்கவில்லையா என்று நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். தானாக இரை தேடும் பருவத்துக்கு முந்தைய கருவை ஐரோப்பியச் சட்டம் விலங்குச் சோதனையாகக் கணக்கிடுவதில்லை. வெப்பமும் நமக்குத் தோதானது, 26 டிகிரி. சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போனால் பை நிறைய ஜீப்ரா மீன் வாங்கிவரலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் டாஃப்னியா? பராமரிப்புதான் காரணம். எது எளிது என்பதை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. எளிமை என்று பார்த்தால் நம் ஊரில் மீன்தான் வெல்லும். நாங்கள் வளர்க்கும் டாஃப்னியா மேக்னா இனத்துக்கு 18 முதல் 22 டிகிரிக்குள் நீர் வேண்டும். மே மாதத்தில் குளிரூட்டி ஒரு மணி நேரம் நின்றாலும் நெஞ்சு பதைக்கிறது. குழாய் நீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும். அதனால் வாலை வடிநீரில் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் சல்ஃபேட், சோடியம் பைகார்பனேட், பொட்டாசியம் குளோரைடு என்று நான்கு உப்புகளை எடை பார்த்துக் கலக்க வேண்டும். இரைக்குப் பச்சைப்பாசி வளர்க்க வேண்டும். ஞாயிறும் பொங்கலும் அதற்குத் தெரியாது.

ஆனால் வளர்க்கும் உயிர் நலமாக இருக்கிறதா என்று தெரியாமல் எடுக்கும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. அந்த நலத்தை டாஃப்னியா ஒளிக்காமல் காட்டுகிறது. நல்ல நாளில் ஆண் துணையின்றிப் பெண் பெண்ணையே ஈனுகிறது. ஒரே தாயின் வழி என்பதால் எல்லாம் ஒரே மரபணு. இன்றைய குஞ்சும் ஆறு மாதம் கழித்துப் பிறக்கும் குஞ்சும் ஒப்பிடத் தக்கவை. நெரிசலோ பசியோ வந்தால் ஆண்கள் தோன்றும். சில தாய்களின் முதுகில் கறுத்த சேணம் போன்ற உறக்கமுட்டை உறை ஏறும். நீரில் உயிர்வளி குறைந்தால் உடல் சிவக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தத் தொட்டிக் குஞ்சுகளைச் சோதனைக்கு எடுப்பதில்லை. அத்துடன் மாதம் ஒருமுறை, நச்சளவு முன்பே தெரிந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் குஞ்சுகளைச் சோதிக்கிறோம். பாதிக் குஞ்சுகளை 24 மணி நேரத்தில் அசைவற்றதாக்கும் செறிவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் வர வேண்டும். ஒரு ஜூனில் அது வெளியே போனது. காரணம் தேடியதில் வாலை வடிகலத்தின் செப்புக் குழாயைக் கண்டுபிடித்தோம். அந்த மாதத்து முடிவுகள் அனைத்தையும் விலக்கிவிட்டு மறுபடி செய்தோம்.

கருச் சோதனைக்கும் தரக் கட்டுப்பாடு உண்டு. தொகுதியில் 70 சதவீத முட்டைகளாவது கருவுற்றிருக்க வேண்டும், கட்டுப்பாட்டில் 90 சதவீதம் பிழைக்க வேண்டும். ஆனால் சந்தை மீனுக்கு முன்பு என்ன மருந்து போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. சொந்தமாகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் இந்தக் குறை தீரும். அதற்கான இடம் எங்களிடம் இல்லை. அப்படி வளர்க்கும் ஆய்வகத்தார் என் கருத்தை மறுக்கலாம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கும்.

டாஃப்னியா சோதனை 48 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. 24 மணி நேரத்துக்கு உட்பட்ட குஞ்சுகள் செறிவுக்கு 20; மெல்ல அசைத்தபின் 15 விநாடிக்குள் நீந்தாதது அசைவற்றது. பென்சால்கோனியத்தில் இதன் கூர்மையைக் கண்கூடாகப் பார்த்தோம். மீனைக் கொல்ல லிட்டருக்குப் பத்தில் சில மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில், டாஃப்னியா ஆயிரத்தில் சில மில்லிகிராமிலேயே வீழ்கிறது. மீனை மட்டும் பார்த்துப் பாதுகாப்பு எல்லை வகுத்திருந்தால் நீரின் சிறு உயிர்களை இழந்திருப்போம்.

எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. இமிடாகுளோபிரிட் பூச்சிக்கொல்லியை டாஃப்னியா லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் வரை தாங்கும். ஈசல் போன்ற மேஃபிளையின் இளவுயிரிகளோ மைக்ரோகிராம் அளவிலேயே பாதிக்கப்படுகின்றன. அங்கே எங்கள் தொட்டியை நம்பினால் பெரும் தவறு. களைக்கொல்லி என்றால் பாசியின் 72 மணி நேர வளர்ச்சிச் சோதனை இல்லாமல் அறிக்கை எழுதக் கூடாது. இரைக்காக எப்படியும் பாசி வளர்ப்பதால் அதையும் இப்போது சேர்த்துச் செய்கிறோம். நீரில் கரையாத எண்ணெய்ப் பொருள்களையும் ஆவியாகிப் போகும் கரைப்பான்களையும் நாங்கள் இரண்டு முறைதான் தொட்டிருக்கிறோம். அவற்றில் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் பொருள்களுக்குக் கலந்த அளவை நம்பாமல் நீரில் உண்மையில் இருக்கும் அளவை அளந்தாக வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

தொடங்க நினைப்பவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: தாய்த்தொட்டிகளை ஒரே அறையில் வைக்காதீர்கள். எங்களுடையவை இப்போது இரண்டு அறைகளில், இரண்டு தனி மின்னிணைப்புகளில், ஒவ்வொன்றும் தனிக் குளிரூட்டியுடன் இருக்கின்றன. சென்ற மே மாதம் ஓர் அறை முழுதாக அழிந்தது. மறு அறையிலிருந்து முப்பது தாய்களை எடுத்து வைத்தோம். ஒன்பதாம் நாள் குஞ்சுகள் வந்தன.