கட்சு கறிக்கு எந்தப் பெட்டி: வெர்மாண்ட், கோல்டன், ஜாவா

வீட்டில் சிக்கன் கட்சு கறி, அதாவது ரொட்டித்தூள் பூசிப் பொரித்த சிக்கனோடு ஜப்பானியக் கறிக் குழம்பும் சோறும், செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழம்பை நீங்களே மசாலா அரைத்து, மாவு வறுத்து, அடியிலிருந்து செய்ய வேண்டியதில்லை. ஜப்பானில் வீடுகளில் பெரும்பாலும் அப்படிச் செய்வதும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வரிசை முழுக்க அடுக்கி வைத்திருக்கும் ரூ (கறிக் குழம்புக் கட்டி) பெட்டிகளில் ஒன்றை எடுத்து வாருங்கள். மிச்சமாகும் நேரத்தையும் பொறுமையையும் சிக்கன் மேல் காட்டுங்கள். இந்தச் சாப்பாடு ஜெயிப்பதும் தோற்பதும் அந்தப் பொரித்த சிக்கனின் மொறுமொறுப்பில்தான்.

நான் தோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இருக்கிறேன். இங்கே புதிதாக வரும் நம்ம ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி, இத்தனை பெட்டியில் எதை வாங்குவது என்பதுதான். அதனால் நான் மாறி மாறி வாங்கும் மூன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஹவுஸ் நிறுவனத்தின் வெர்மாண்ட், அதே நிறுவனத்தின் ஜாவா, அப்புறம் எஸ் அண்ட் பி நிறுவனத்தின் கோல்டன். மூன்றுமே 1960களில் வந்தவை: வெர்மாண்ட் 1963, கோல்டன் 1966, ஜாவா 1968. இன்றைக்கும் எந்தக் கடைக்குப் போனாலும் கண் மட்டத்தில் இருப்பவை இவைதான்.

பெட்டிக்குள் இருப்பது கோதுமை மாவு, கொழுப்பு, கறித்தூள், உப்பு, சர்க்கரை எல்லாம் சேர்த்துச் சமைத்து இறுக்கிய கட்டி. சாக்லேட் பார் மாதிரி கோடு போட்டிருக்கும், வேண்டிய அளவு உடைத்துக்கொண்டு மீதியை மூடி வைக்கலாம். விலை கடைக்குக் கடை மாறும், நான் வாங்குமிடத்தில் 300 யென் பக்கம். அதில் ஒரு குடும்பம் இரண்டு வேளை தாராளமாகச் சாப்பிடலாம். வெளியே ஒரு தட்டு கட்சு கறி சாப்பிட்டாலே 1000 யென் ஆகிவிடுகிறது.

ருசிக்கு வருவோம். வெர்மாண்டில் ஆப்பிளும் தேனும் சேர்த்திருப்பார்கள், பெட்டியிலேயே படம் இருக்கும். குழந்தைகளை மனதில் வைத்துச் செய்தது, அந்த வேலையை அருமையாகச் செய்கிறது. காரமே பழகாத பிள்ளைகூட இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடும். கோல்டனில் மசாலா வாசனை முன்னால் நிற்கும், பெட்டியைப் பிரித்ததுமே சீரகமும் வெந்தயமும் மூக்கில் ஏறும், கடைசியில் ஒரு சின்னக் கசப்பு வரும், அந்தக் கசப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜாவாவில் இனிப்பு குறைவு, மிளகுக் காரம் தெளிவாகத் தெரியும்.

ஒவ்வொன்றிலும் அமகுச்சி, சூகாரா, கராகுச்சி என்று மூன்று வகை உண்டு. இனிப்பு, நடுத்தரம், காரம். ஆனால் ஒரு பெட்டியின் கராகுச்சியும் இன்னொரு பெட்டியின் கராகுச்சியும் ஒன்றில்லை. பெட்டியின் மேல் ஒன்று முதல் ஐந்து வரை கார அளவு போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். வெர்மாண்டின் கராகுச்சி 3, ஜாவாவின் சூகாராவே 4. நம் நாக்குக்கு அந்த 5கூட ஒன்றும் செய்யாது, அது வேறு விஷயம்.

கட்சுவுக்கு என்று கேட்டால் என் ஓட்டு ஜாவா சூகாராவுக்கு. அது கிடைக்காவிட்டால் கோல்டன் கராகுச்சி. காரணம் எளிது. பொரித்த சிக்கனில் ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது, ரொட்டித்தூளுக்கே ஒரு மெல்லிய இனிப்பும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இனிப்பான குழம்பு வந்தால் நாலு வாய்க்கு மேல் திகட்டும். உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்ட சாதாரண கறி ரைஸுக்கு வெர்மாண்ட் நல்ல பொருத்தம், கட்சுவுக்கு அதைவிடக் காரமான ஒன்று வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வெர்மாண்ட் பாதி, ஜாவா பாதி கலந்து போடுங்கள். இங்கே வீடுகளில் இரண்டு பெட்டியைக் கலப்பது சகஜம், ருசியும் இன்னும் ஆழமாக வரும்.

இப்போது ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஜப்பானுக்குள் விற்கும் ரூ பெட்டிகள் பலவற்றில் கொழுப்பு என்பது மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் கலந்தது. சிக்கன்தானே போடப்போகிறோம் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. பின்பக்கம் மூலப்பொருள் பட்டியலின் தொடக்கத்திலேயே கியூஷி, தொன்ஷி என்று எழுதியிருந்தால் அதுதான் இது. ஜப்பானிய எழுத்து தெரியாதவர்கள் போன் கேமராவை வைத்து மொழிபெயர்த்துப் பாருங்கள், ஒவ்வாமைப் பொருட்கள் பட்டியலிலும் மாடு, பன்றி இரண்டும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். வெளிநாட்டு விற்பனைக்கென்று தாவர எண்ணெயில் செய்த கோல்டன் கறியும் உண்டு. ஆக, ஒரே பெயரில் இருக்கும் இரண்டு பெட்டிக்குள் வேறு வேறு கொழுப்பு இருக்கலாம். மாடோ பன்றியோ சாப்பிடாதவர்கள், வீட்டுக்கு விருந்தாளி அழைப்பவர்கள், ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஒருவருக்குப் பரிமாறுவது நியாயமே இல்லை.

மாட்டுக் கொழுப்பு ஏன் வந்தது என்றால் இந்தக் குழம்பின் வழி அப்படி. மெய்ஜி காலத்தில் (1868–1912) இது ஜப்பானுக்கு வந்தது இந்தியாவிலிருந்து நேராக இல்லை, பிரிட்டிஷ்காரர்கள் வழியாக. 1908இல் ஜப்பானியக் கடற்படை வெளியிட்ட சமையல் கையேட்டிலேயே கறி ரைஸ் செய்முறை இருக்கிறது. மாட்டுக் கொழுப்பில் கோதுமை மாவைப் பொன்னிறமாக வறுத்து, கறித்தூள் சேர்த்து, சூப் ஊற்றிக் கரைக்கச் சொல்கிறது. இன்றைய பெட்டி அதையே கட்டியாக்கித் தருகிறது, அவ்வளவுதான். நம் குழம்பு வெங்காயம், தக்காளி, தேங்காய், புளியில் நிற்கிறது. இது வறுத்த மாவில் நிற்கிறது. அதனால்தான் இதில் கரம் மசாலாவும் இஞ்சி பூண்டு விழுதும் தாளிப்பும் சேர்த்தால் இரண்டும் இல்லாத ஒன்றாகிவிடுகிறது. நிஷி கசாயில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள், சாப்பிட்டும் இருக்கிறேன், எனக்கு மனசு ஒப்பவில்லை. காரம் போதவில்லையென்றால் சாப்பிடும்போது மேலே மிளகாய்த் தூளோ மிளகுத் தூளோ தூவிக்கொள்ளுங்கள், குழம்பை விட்டுவிடுங்கள்.

குழம்பு வைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கட்சுவுக்கு உருளைக்கிழங்கு, கேரட் வேண்டாம், வெங்காயம் மட்டும் போதும். இரண்டு பெரிய வெங்காயத்தை மெலிதாக அரிந்து சின்னத் தீயில் பழுப்பு நிறம் வரும்வரை வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். உருளைக்கிழங்கு இல்லாததால் பெட்டியில் சொன்னதைவிடத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, கொதி அடங்கியதும் கட்டியை உடைத்துப் போட்டுக் கரைக்க வேண்டும். கொதிக்கும்போதே போட்டால் மாவு வெளிப்பக்கம் வெந்து உள்ளே கட்டி தட்டிவிடும். முழுக்கக் கரைந்த பிறகு மறுபடி சின்னத் தீயில் பத்து நிமிடம், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே. கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு போட்டால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும்.

தேன் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் ஊற்றாதீர்கள். தேனில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்துக் குழம்பை நீர்க்கச் செய்துவிடும். ரூ போடுவதற்கு முன்பே தண்ணீரில் சேர்த்து இருபது நிமிடம் கொதிக்க விட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். நாக்கில் வைத்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விடுவதும் கூடாது, எச்சிலிலும் அதே வேலை செய்யும் நொதி இருக்கிறது.

சரி, சிக்கன். எலும்பில்லாத தொடைக்கறிதான் என் தேர்வு. இங்கே தோலோடு விற்பார்கள், தோலை எடுத்துவிட்டால் ரொட்டித்தூள் நன்றாகப் பிடிக்கும். நெஞ்சுக்கறி வாங்கினால் நடுவில் கத்தி விட்டுப் புத்தகம் பிரிக்கிற மாதிரி பிரித்து, எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் தட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெலிதாகவும் இருந்தால் மெலிந்த பக்கம் வறண்டு போகும்வரை தடித்த பக்கம் வேகாது. உப்பும் மிளகும் போட்டுப் பத்து நிமிடம் வைத்து, மேலே கசியும் தண்ணீரைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஈரம் இருந்தால் ரொட்டித்தூள் பூச்சு எண்ணெயில் தனியாகக் கழன்றுவிடும்.

ரொட்டித்தூளில் மட்டும் சமரசம் வேண்டாம். நம் ஊரில் பாக்கெட்டில் வரும் பிரெட் கிரம்ஸ் மணல் மணலாக இருக்கும், அது கட்லெட்டுக்குச் சரி, இதற்கு உதவாது. பான்கோ என்பது வேறு. மேலோடு இல்லாத ரொட்டியிலிருந்து செதிலாகத் துருவியது. அந்த ரொட்டியைச் சூளையில் வைக்காமல், மாவுக்குள்ளேயே மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கிச் செய்யும் முறை ஒன்று ஜப்பானில் இருக்கிறது, அதனால் பழுப்பு மேலோடே உருவாவதில்லை. கடையில் காய்ந்த பான்கோ, ஈரப்பதமுள்ள நாமா பான்கோ என்று இரண்டு கிடைக்கும். நாமா பான்கோ கொஞ்சம் விலை கூட, ஆனால் பொரிந்ததும் செதில் செதிலாக எழுந்து நிற்கும். ஒரு தடவை அதில் செய்தால் திரும்பிக் காய்ந்ததுக்குப் போக மனசு வராது. காய்ந்ததுதான் இருக்கிறது என்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சில நிமிடம் ஊற விடுங்கள், ஓரளவு அந்தப் பதம் வரும்.

மைதா, அடித்த முட்டை, பான்கோ, இதே வரிசை. மைதாவைப் பூசியதும் நன்றாக உதறிவிட வேண்டும். பான்கோ குவியலுக்குள் சிக்கனை வைத்து, மேலேயும் அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள், அமுக்கி நசுக்கினால் செதில் உடைந்துவிடும். பூசியதும் உடனே போடாமல் பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணெய் 170 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் ஒரு துளி பான்கோவைப் போட்டுப் பாருங்கள். பாதி ஆழம் போய் மேலே வந்தால் சரியான பதம், மேலேயே சட்டென்று சிதறிப் பரவினால் சூடு ஏறிவிட்டது. சிக்கனை விட்டதும் முதல் ஒரு நிமிடம் தொடவே தொடாதீர்கள். பெரிய பெரிய குமிழாகத் தளதளவென்று கிளம்பும். மூன்று நிமிடத்தில் அடிப்பக்கம் பொன்னிறமாகும், திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம். அப்போது குமிழ் சின்னதாகி, சத்தம் கணீரென்று மேலே ஏறும், இடுக்கியால் தூக்கினால் கை லேசாக உணரும். உள்ளே இருந்த ஈரம் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். கோழிக்கறியின் நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடம் இருக்க வேண்டும் என்பது இங்கே அரசு சொல்லும் அளவு, புதிதாகச் செய்கிறவர்கள் ஒரு துண்டை வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

எடுத்ததும் காகிதத்தின் மேல் படுக்க வைத்தால் அடிப்பக்கம் ஆவியில் நமத்துவிடும். கம்பி வலையில் செங்குத்தாக நிறுத்துங்கள். மூன்று நிமிடம் கழித்து, கத்தியை முன்னும் பின்னும் இழுக்காமல் மேலிருந்து ஒரே அழுத்தாக வெட்டினால் ரொட்டித்தூள் உதிராது.

தட்டில் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஜப்பான் அரிசிச் சோறு ஒரு பக்கம், சிக்கன் அதன் மேல் சாய்ந்தபடி, குழம்பு மறுபக்கம். சிக்கன் முழுக்க மறையும்படி குழம்பை ஊற்றினால் இவ்வளவு நேரம் பட்ட பாடு இரண்டே நிமிடத்தில் ஊறிப்போகும். சோறு விஷயத்தில், பாசுமதி உதிர்ந்து ஓடிவிடும், குழம்போடு சேராது. ஒட்டும் பதமுள்ள குட்டை அரிசிதான் பொருத்தம். பக்கத்தில் சிவப்பு நிற ஃபுகுஜின்சுகே ஊறுகாயோ, சின்ன வெங்காயம் போல இருக்கும் ரக்யோ ஊறுகாயோ கட்டாயம் வேண்டும். அந்தப் புளிப்பும் இனிப்பும் இல்லாமல் இந்தக் கொழுப்பு முழுசாக இறங்காது. மெலிதாக அரிந்த முட்டைக்கோஸ் பச்சையாக ஒரு கைப்பிடி.

கறி மேல் கட்சு வைக்கும் யோசனை யாருடையது என்பதற்குப் பல கதைகள் உண்டு. அதிகம் சொல்லப்படுவது 1948இல் தோக்கியோவின் கின்சாவில் சுவிஸ் என்ற உணவகத்தில் நடந்தது. யோமியூரி ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் சீபா ஷிகேரு கறியையும் கட்லெட்டையும் தனித்தனியாகச் சாப்பிட நேரமில்லாமல், ஒன்றாகவே போட்டுத் தரச் சொன்னாராம். அதற்கு முன்பே 1918இல் அசகுசாவில் கவாகின் என்ற கடையில் இதே போன்ற ஒன்று விற்றதாகவும் சொல்வார்கள். அப்போதெல்லாம் பன்றிக்கறிதான், வீட்டுக்குச் சிக்கனே வசதி.

பொரித்தே விற்கும் கட்சுவை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக் குழம்பை மட்டும் வீட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். அவசரத்துக்கு வைக்கலாம், மைக்ரோவேவில் வைக்காமல் டோஸ்டர் அடுப்பில் சூடு பண்ணினால் பரவாயில்லாமல் இருக்கும். ஆனால் பசியாறுமே தவிர, இந்தச் சாப்பாட்டின் சந்தோஷம் அதில் கிடைக்காது.

மிஞ்சிய குழம்பை இரவு முழுக்க அடுப்பிலேயே விடாதீர்கள். வெல்ஷ் என்று இங்கே சொல்லும் பாக்டீரியா கொதித்தாலும் சாகாத விதையாக உள்ளே இருந்து, குழம்பு மெதுவாக ஆறும்போது பெருகும், ஜப்பானில் கறியால் வரும் உணவு நஞ்சுக்கு இது பேர்போன காரணம். அகலமான டப்பாக்களில் ஊற்றிச் சீக்கிரம் ஆற வைத்து பிரிட்ஜுக்குள் தள்ளுங்கள். மறுநாள் அதில் கொஞ்சம் தாஷியும் (ஜப்பானிய சூப் நீர்) சோயா சாஸும் விட்டுத் தளர்த்தி, உதோன் நூடுல்ஸ் போட்டால் மதியச் சாப்பாடு முடிந்தது. அதற்கு வெர்மாண்ட் கலந்த குழம்பைவிட ஜாவா மட்டும் போட்டதே நன்றாக இருக்கும்.